அம்மாவோடு பார்க்க ஒரு படம் சொல்லுங்கள்

சேலம் மக்களே, ஞாயிற்றுக்கிழமை அம்மா ஏற்காட்டிலிருந்து இறங்கி வருகிறார். படத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். யூடியூப் விமர்சனம் வேண்டாம். நீங்கள் சமீபத்தில் குடும்பத்தோடு பார்த்து, நெளியாமல் உட்கார்ந்த படம் எது?

அம்மாவின் ரசனை கொஞ்சம் தனி ரகம். ‘மெய்யழகன்’ ரொம்பப் பிடித்தது. நீளம் என்று பலரும் சொல்லி, வெளியான பிறகு 18 நிமிடம் வெட்டினார்களே, அந்தப் படம்தான். அம்மாவோ, கார்த்தியும் அரவிந்த்சாமியும் இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம் என்றார்! ‘மகாராஜா’வுக்குப் பாதியிலேயே எழுந்துவிட்டார், ரத்தம் ஆகாது. (எனக்குப் பிடித்த படம், சரி விடுங்கள்.)

முடிந்ததும் மலைக்கு பஸ் பிடிக்க வேண்டும், அதனால் மூன்று மணி நேரப் படம் சரிவராது. புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் சத்தம் காதைக் கிழிக்காத தியேட்டர் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள்.