பாலைவனத்து ஒயின் ஆலைக்குப் போகிறேன்: திராட்சை தெரியும், ஒயின் தெரியாது

சின்னமனூர்ப் பந்தல் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். மதுரை அண்ணாநகரில் குடியிருந்தாலும் எனக்குச் சொந்த ஊர் சின்னமனூர்ப் பக்கம். அப்பா காலத்தில் போட்ட இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சைப் பந்தலை இப்போது தம்பி பார்த்துக்கொள்கிறான். வருகிற அக்டோபரில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகரில் இருக்கும் மகள் வீட்டுக்கு நானும் மனைவியும் போகிறோம். அங்கிருந்து கிழக்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் காரில் போனால் வில்காக்ஸ் என்ற ஊர் வருமாம். அதையடுத்துக் கணவனும் மனைவியுமாக நடத்துகிற சிறிய ஒயின் ஆலை ஒன்றில், ஒயின் சுவைத்துப் பார்க்க மருமகன் எங்களுக்கு இடம் பதிந்துவிட்டார்.

திராட்சையைப் பற்றி ஓரளவு பேசுவேன். ஒயினைப் பற்றி எதுவும் தெரியாது. ஒருமுறை நண்பர் வீட்டு விருந்தில் வாயில் வைத்தபோது, புளித்தது, துவர்த்தது என்பதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. ஐந்து வகையை ஊற்றிக் கொடுத்துக் கருத்துக் கேட்பார்கள் என்கிறார் மருமகன். அங்கே என்ன சொல்வது, தயாரித்தவர் கண்ணெதிரே துப்பினால் அவமதிப்பாகாதா என்பது முதல் சந்தேகம். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வருகிற பள்ளத்தாக்கிலேயே கோடையில் பந்தலைக் காப்பாற்றத் திண்டாடுகிறோமே, பாலைவனத்தில் எப்படித் திராட்சை விளைகிறது என்பது இரண்டாவது.

வில்லாபுரத்துப் பெண்:

ஐயா, டூசானில் ஆறு ஆண்டுகள் இருந்துவிட்டு மதுரைக்குத் திரும்பியவள் நான்; வில்காக்ஸுக்குப் பலமுறை போயிருக்கிறேன். விருந்தில் நீங்கள் உணர்ந்த அந்தப் புளிப்பும் துவர்ப்பும்தான் ஒயின் சுவைப்பதில் பாதி. டானின் என்று அவர்கள் விரித்துரைப்பதை நாம் துவர்ப்பு என்ற ஒரே சொல்லில் சிறுவயதிலேயே தெரிந்துவைத்திருக்கிறோம். பன்னீர் திராட்சையின் விதையைக் கடித்தால் ஈறு இழுத்துப் பிடிக்குமே, நாவற்பழம் தின்றால் நாக்கு தடித்துப்போகுமே, அதுதான். சிவப்பு ஒயினில் தோலும் விதையும் சாற்றோடு கிடந்தே நொதிப்பதால் அந்தத் துவர்ப்பு இறங்குகிறது. வெள்ளை ஒயினுக்கு நொதிக்கும் முன்பே சாற்றைப் பிழிந்து பிரித்துவிடுவதால் அது அநேகமாக இருக்காது.

ஒவ்வொரு வகையிலும் ஏறக்குறைய 30 மில்லிதான் ஊற்றுவார்கள். வெள்ளையில் தொடங்கி இளஞ்சிவப்பு, சிவப்பு என்று கனம் கூடிக்கொண்டே போகும். இனிப்பு வகை இருந்தால் கடைசியில் வரும். கிண்ணத்தைத் தண்டில் பிடித்து முதலில் அப்படியே முகருங்கள், பிறகு ஒரு சுழற்று சுழற்றி மறுபடி முகருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும். வாயில் வைத்ததும் எச்சில் எவ்வளவு ஊறுகிறது, ஈறு எவ்வளவு வறள்கிறது, துப்பிய பிறகும் ருசி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனித்தால் போதும். செர்ரி, தோல், புகையிலை என்று பக்கத்து மேசைக்காரர் அடுக்குவார். உங்களுக்கு நாவற்பழம் தோன்றினால் நாவற்பழம் என்றே சொல்லுங்கள், தயாரிப்பவர் ஆர்வத்தோடு அது என்ன பழம் என்று கேட்பார்.

துப்புவதற்கென்றே மேசைமேல் ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள். அறுவடைக் காலத்தில் அவரே நாள் முழுக்கத் துப்பிக்கொண்டுதான் வேலை பார்ப்பார். வெற்றிலை போடுகிற ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. காரோட்டுகிற மருமகன் கட்டாயம் துப்பவேண்டும், அல்லது தொடவே கூடாது, இரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதம் என்பது அங்கே வரம்பு என்றாலும், அதற்குக் கீழே இருந்தும் தடுமாறினால் வழக்குப் போடுவார்கள்.

அம்மாவுக்கு ஒரு வேண்டுகோள்: அன்று தலையில் பூ வேண்டாம், உங்களுக்கும் ஜவ்வாது வேண்டாம். முதல்முறை போனபோது வீட்டுத் தொட்டியில் பூத்த மல்லிகையைத் தொடுத்து வைத்துக்கொண்டு போனேன். ஊற்றிக்கொண்டிருந்த பெண்மணி ஒன்றும் சொல்லாமல் போய் ஜன்னலைத் திறந்தார். எனக்கு ஏன் எல்லாக் கிண்ணமும் ஒரே வாசமாக இருந்தது என்பது அப்போதுதான் விளங்கியது.

மல்வாசியா பியாங்கா என்ற வெள்ளை வகை இருக்கிறதா என்று கேளுங்கள். ரோஜாவில் இருக்கிற மணப்பொருள்கள் சில அதிலும் உண்டு, நம் பன்னீர் திராட்சையிலும் உண்டு.

உத்தமபாளையத்தான்:

இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன். மணல்மேட்டை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். அது வறண்ட புல்வெளி. நம் கம்பம் கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டரை ஒட்டி இருக்கிறது. வில்காக்ஸ் ஏறத்தாழ 1,270 மீட்டரில் இருக்கிறது. பகலில் 35 டிகிரி கொளுத்தினாலும் இரவில் அதிலிருந்து 15 டிகிரிக்கு மேல் குறைந்துவிடும். இரவிலும் வெக்கை தணியாவிட்டால் பழம் தன் புளிப்பைத் தானே எரித்துத் தீர்த்துவிடும். அங்கே அந்தப் புளிப்பு தங்குகிறது. மழை ஆண்டுக்குச் சுமார் 300 மில்லிமீட்டர்தான், அதிலும் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பர் வரை அடிக்கிறது. மற்ற மாதங்களில் காற்று காய்ந்தே கிடப்பதால், நம்மை அலைக்கழிக்கிற அடிச்சாம்பல் என்ற பூஞ்சை நோய் அங்கே அவ்வளவாகத் தலையெடுப்பதில்லை. அவர்கள் பயம் வேறு: வசந்தத்தில் துளிர்விட்ட பிறகு விழுகிற உறைபனி, கோடை முடிவில் ஆலங்கட்டி.

நம் கொடிக்கு உறக்கமே கிடையாது. கவாத்து செய்து நாம்தான் மறுபடி மறுபடி காய்க்க வைக்கிறோம். 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே, ஆண்டு முழுக்கப் பழம் வருவது அதன் பெருமைகளில் ஒன்று. அங்கே குளிர்காலத்தில் இலை உதிர்ந்து கொடி உறங்கும், ஆண்டுக்கு ஒரே அறுவடை. பந்தலுக்குப் பதில் வேலி மாதிரிக் கம்பியில் கட்டுவார்கள். 23, 24 பிரிக்ஸ் (சாற்றிலுள்ள சர்க்கரையின் அளவு) வரை பழுக்க விட்டுப் பறிப்பார்கள். 24 பிரிக்ஸ் சாறு முழுக்க நொதித்தால் ஏறக்குறைய 14 சதவீத ஆல்கஹால் வரும். அந்த அளவு சர்க்கரை ஏறும்வரை நம் பன்னீரைக் கொடியில் விட்டுவைக்கச் சொன்னால் எந்த வியாபாரியும் அடிக்க வருவார்.

தண்ணீர்? போர்வெல்தான், சொட்டுநீர்தான். அந்தப் படுகையில் நிலத்தடி நீர் இறங்கி நிலமே வெடித்திருப்பதால், 2024 டிசம்பரில் மாநில அரசு அதைக் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவித்தது. எத்தனை அடியில் தண்ணீர் என்று தவறாமல் கேட்டு வந்து எழுதுங்கள்.

திருமங்கலத்தார்:

சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் வெறும் வயிற்றில் போகாதீர்கள், மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஊருக்குக் கொண்டுவருவதென்றால் ஒருவருக்கு 2 லிட்டர் வரைதான் சுங்கவரி கிடையாது. 750 மில்லி பாட்டில் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மூன்றானால் வரம்பைத் தாண்டிவிடும். நான் ஒரு பாட்டிலைத் துண்டில் மட்டும் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். உடைந்தது. பேரனுக்கு எடுத்த வெள்ளைச் சட்டை இன்றைக்கும் அந்த நிறம்தான்.

சின்னமனூர்ப் பந்தல்:

போய்வந்துவிட்டோம். அறுவடை முடிந்து கொடியில் விட்டுப்போன ஒரு சின்னக் குலையைப் பார்த்ததும், பழக்கதோஷத்தில் ஒரு பழத்தைப் பிடுங்கி விதையைக் கடித்தேன். பழுப்பேறி, வறுத்த கடலை மாதிரி மொறுமொறுவென்று உடைந்தது. அந்த மனிதர் என் மருமகனிடம் திரும்பி, இவர் யார் என்று கேட்டார். பறிக்கும் நாளை முடிவு செய்ய அவரும் அப்படித்தான் கடித்துப் பார்ப்பாராம். அதற்குப் பிறகு எங்களைச் சுவைக்கும் மேசைக்கு அனுப்பாமல் நேரே கொட்டகைக்குள் அழைத்துப்போனார். இடுப்புயரத் தொட்டியில் தோலெல்லாம் மேலே மிதந்து தடித்த ஆடை மாதிரிக் கிடந்தது. நீண்ட கம்பில் தட்டு பொருத்திய ஒரு கருவியைக் கொடுத்து அதை உள்ளே அமுக்கச் சொன்னார். இட்லி மாவு பொங்குகிற சத்தம்தான், பத்து மடங்காக. குனிந்து முகரப் போனவனைத் தோளைப் பிடித்து இழுத்துவிட்டார். அங்கே எழும்புகிற கரியமில வாயு மூச்சை அடைத்துவிடுமாம்.

மல்வாசியா இருந்தது. கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனதும் அப்பா பழம் அடுக்குகிற கொட்டகை நினைவுக்கு வந்தது. குடித்துப் பார்த்தால் இனிப்பே இல்லை, அது எனக்கு ஏமாற்றம்தான். நான்காவதாக வந்த சிரா என்ற சிவப்பு வகை கசந்தது, துப்பிவிட்டேன். அவர் முகம் மாறவில்லை. அந்தப் பீப்பாயில் தமக்கும் திருப்தி இல்லை என்றார். மனைவி குடிக்கவில்லை. முகர்ந்து மட்டும் பார்த்துவிட்டு ஒன்றைச் சீரக மிட்டாய் என்றாள். மகள் அதை மொழிபெயர்க்கத் திணறினாள். தலைக்கு வைக்காமல் கைப்பையில் வைத்திருந்த மல்லிகைச் சரம் திரும்பும்போது வாடிப்போயிருந்தது.

இரண்டு பாட்டிலும் உடையாமல் வந்து சேர்ந்தன. தம்பிக்கு ஒன்றைத் திறந்து ஊற்றிக் கொடுத்து, பிரிக்ஸ், போர்வெல் என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வாய் குடித்துவிட்டு அவன் கேட்டது ஒன்றுதான்: பழத்தைக் கிலோ என்ன விலைக்கு எடுக்கிறார்களாம்? அதைக் கேட்க மறந்துவிட்டேன். மருமகனை விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். உத்தமபாளையத்தார் கேட்ட போர்வெல் ஆழத்தையும் சேர்த்து அடுத்த பதிவில் எழுதுகிறேன்.