பிரெஞ்சு வினைச்சொல் காலை வாரிய கதைகள்

பாரிஸ்வாசி:
நானே தொடங்கிவைக்கிறேன். வந்த முதல் மாதம், மாலை நேர பிரெஞ்சு வகுப்பு. 'குழந்தைகள் பேசுகிறார்கள்' என்ற வரியை வாசிக்கச் சொன்னார் ஆசிரியை. வினையின் கடைசியில் ஈ, என், டி என்று மூன்று எழுத்துகள் நிற்கின்றனவே, விடுவேனா? 'பார்லான்' என்று அழுத்தி வாசித்தேன். அவர் மேசையில் ஒரே ஒரு தட்டுத் தட்டி, 'பார்ல்' என்றார். ஓரசை. அந்த மூன்று எழுத்தும் பார்வைக்கு மட்டும்.

நான், நீ, அவன், அவர்கள் என நால்வருக்கும் அதே 'பார்ல்'. நாம், நீங்கள் என்றால்தான் விகுதிக்கு உயிர் வருகிறது: பார்-லோன், பார்-லே. நமக்கு 'பேசுகிறேன்' என்றாலே ஆள் தெரிந்துவிடும். இங்கே எழுவாயை விழுங்கினால் பேசியது யாரென்றே தெரியாது. (அவன், அவர்கள் இரண்டுமே காதுக்கு 'இல்'தான். உயிரொலியில் தொடங்கும் வினை வந்தால் பிழைத்தோம்: அவன் நேசித்தால் 'இ-லெம்', அவர்கள் நேசித்தால் நடுவில் ஒரு ரீங்காரம், 'இல்-ஸெம்'.)

லியோன்காரன்:
அக்கா, உங்களைக் கவிழ்த்தது விகுதி, என்னைக் கவிழ்த்தது பகுதி. வாங்குவதற்கு 'அஷ்தே'. 'நான் வாங்குகிறேன்' என்று மேலாளருக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன். நடு ஈ-யின் தலையில் சாய்கோடு போட்டுத் திருப்பி அனுப்பினார். காரணம் பிறகுதான் புரிந்தது. விகுதி ஒலிக்காதபோது கடைசி அசை 'ஷெத்' என்று மெய்யில் மூடிக்கொள்கிறது. மூடிய அசையில் நோஞ்சான் ஈ நிற்காது, முழு 'எ' வேண்டும்: ஜஷெத். 'வாங்குகிறோம்' என்றால் விகுதி ஒலிக்கும், ஈ மறுபடி கரைந்துவிடும்: அஷ்-தோன்.

அழைப்பதற்கான 'அப்லே'வுக்கும் இதே நோய், மருந்துதான் வேறு: கோடு கிடையாது, எல் இரட்டிக்கும். 1990 எழுத்துச் சீர்திருத்தம் இத்தகைய வினைகளில் பெரும்பாலானவற்றுக்குக் கோட்டையே பரிந்துரைத்தது. 'அழை', 'எறி' இரண்டையும் அவற்றின் குடும்பத்தையும் பழையபடி விட்டுவிட்டது. அன்றாடம் வாயில் வருவதே அவைதான்!

தாமதமாக வந்தவள்:
எனக்குச் சொல்வதெழுதுதலில் அடி. 'லே பூல் துய் கூவான் கூவ்' என்றார் ஆசிரியர். கடைசிச் சொல்லில் எனக்குப் பரம சந்தோஷம்: கோழிகள் கூவுகின்றன! பொருளோ, மடத்துக் கோழிகள் அடைகாக்கின்றன. கூவான் மடம், கூவ் அடைகாப்பது. பலகையில் இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. பெயர்ச்சொல்லில் ஈ-என்-டி மூக்கால் ஒலித்து இரண்டாம் அசையாகிறது, வினையில் வாயடைத்துப்போகிறது.

பாரிஸ்வாசி அக்கா, ஒரு சிறு ஆறுதல்: 12 அசை கொண்ட பழைய செய்யுளடியின் நடுவே உங்கள் 'பார்ல்' வந்தால் இரண்டு அசையாகத்தான் எண்ணுகிறார்கள். அங்கே மேசையை இரண்டு முறை தட்டலாம்.