புதுப்பிப்பு: ஓப்பன்எஸ்எஸ்எல் 3-க்கு மாறிய பேக்கேஜ்

முந்தைய இழையில் கேட்டிருந்தது இதுதான்: ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியின் 1.1 பதிப்பை நம்பி எழுதிய ஒரு சின்ன மெயில் நிரலை, ஓப்பன்எஸ்எஸ்எல் 3 மட்டுமே உள்ள டெபியன் 12 லினக்ஸுக்கு எப்படிப் பேக்கேஜ் செய்வது (நிறுவத் தயாரான தொகுப்பாக்குவது)? பழைய லைப்ரரியையும் கூடவே வைத்து அனுப்பிவிடலாம் என்று சிலர் சொன்னீர்கள்.

அதைச் செய்யவில்லை. 1.1 வரிசையின் கடைசிப் பதிப்பான 1.1.1-க்கான பொது ஆதரவு 2023 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது. இனி வரும் ஒவ்வொரு பாதுகாப்பு ஓட்டையையும் நானே அடைக்க வேண்டும். பயனருக்கோ உள்ளே பழைய லைப்ரரி இருப்பதே தெரியாது. அது நியாயமில்லை.

மூலநிரலைத் திருத்துவது பயந்த அளவுக்கு இல்லை. பழைய எம்டி5 (தரவுக்கு ஹாஷ் கணிக்கும் முறை) ஃபங்ஷன்கள் கம்பைல் செய்யும்போது எச்சரிக்கை மட்டுமே தருகின்றன. பில்ட் அமைப்பு எச்சரிக்கைகளைப் பிழையாக மாற்றியதால்தான் கம்பைல் நின்றது. அதைத் தளர்த்தியதும் ஓடியது.

ஆனால் கம்பைல் ஆனதை வைத்து மட்டும் நம்பிவிடாதீர்கள். என்டிஎல்எம் (மைக்ரோசாஃப்ட்டின் பழைய லாகின் முறை) லாகினுக்கு எம்டி4 என்ற இன்னும் பழைய ஹாஷ் வேண்டும். அது ஓப்பன்எஸ்எஸ்எல் 3-இல் 'லெகசி' புரொவைடருக்கு, அதாவது தானாக லோடு ஆகாத பழைய முறைகளின் தொகுதிக்கு, போய்விட்டது. அதனால் கம்பைல் சுத்தமாக முடியும், ஓடும்போதுதான் தோற்கும். சோதனைகளை பில்டிலேயே ஓட்டியதால் மாட்டியது. இன்னொன்று: லெகசியை நிரலிலிருந்து லோடு செய்தால் வழக்கமான முறைகள் உள்ள 'டிஃபால்ட்' புரொவைடர் தானாக வராது. இரண்டையும் சொல்லித்தான் லோடு செய்ய வேண்டும்.

சரி, இந்தத் திருத்தங்கள் அடங்கிய பேட்சை நிரலின் மூல ஆசிரியருக்கு அனுப்பிவிட்டேன். அவர் ஏற்கும்வரை பேக்கேஜின் பேட்ச் அடைவில் இருக்கும்.