அந்தச் சிவப்புத் துணிக்கு ஈடாக நம் கடற்கரையில் என்ன இருக்கிறது?

வணக்கம் மக்களே. தங்கச்சிமடத்தில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு ராப் வீடியோ எடுக்கப் போகிறோம். அதற்காக, 2018-இல் ஹிரோ முராய் இயக்கிய, அமெரிக்காவின் துப்பாக்கி வன்முறையைக் காட்டும் சைல்டிஷ் காம்பினோவின் 'திஸ் இஸ் அமெரிக்கா' ராப் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். சுட்ட துப்பாக்கியைச் சிவப்புத் துணியில் பத்திரமாக வாங்கிக்கொள்கிறார்கள். செத்தவனைத் தரையோடு இழுத்துப் போகிறார்கள். முன்னால் ஆட்டம், பின்னால் கலவரம். நம் கண்ணோ ஆட்டத்தை விட்டு நகர்வதில்லை. இதுவரை சரி. பின்னால் ஓடுகிற அந்த வெள்ளைக் குதிரை எதற்கு? பைபிளில் சாவு ஏறிவரும் குதிரை என்கிறான் எங்களில் ஒருவன். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

அப்புறம், 1964 புயலில் சிதைந்த தனுஷ்கோடி தேவாலயம் வேண்டாம். கல்யாண போட்டோக்காரர்கள் எடுத்துத் தள்ளிவிட்டார்கள். கடலில் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டுத் திரும்பாத விசைப்படகு நின்ற இடத்தை வெறும் தண்ணீராகக் காட்டினால், வெளியூர்க்காரருக்குப் புரியுமா?