‘தேக்கா தாத்தா வீடு’ சிங்கப்பூர் குடும்ப வாட்ஸ்அப் குழு: சனிக்கிழமை ஃபுட்பால் மேட்ச்

வியாழன்

செல்வி சித்தி, இரவு 8.04
(பலமுறை அனுப்பப்பட்டது) எல்லாரும் கவனம்!! ஸ்டேடியத்துல செக்யூரிட்டிக்கு இப்ப போலீஸ் பவர் குடுத்துட்டாங்க. ட்ரம் அடிச்சாலும் எழுந்து நின்னாலும் 5,000 வெள்ளி அபராதம். ஐசி (அடையாள அட்டை) வாங்கி வச்சிக்கிட்டு மேட்ச் முடிஞ்சாதான் குடுப்பாங்க. பிள்ளைங்க இருக்கிற எல்லாருக்கும் அனுப்பவும்.

செல்வி சித்தி, 8.05
தினேஷ் ட்ரம் எடுத்துட்டுப் போறானாம். ஜாலான் புசார் ஸ்டேடியத்துக்குப் போகணுமா வேண்டாமா

ராஜா சித்தப்பா, 8.05
போகணும்

தினேஷ், 8.05
போகணும்

ஜெயா அத்தை, 8.06
12 பேருக்கு பிரியாணி சொல்லியாச்சு. இப்ப வேணாம்னா முன்பணம் போச்சு

முருகன் மாமா, 8.19
செல்வி, இது சுத்தப் பொய். எழுதினவனுக்கு வேலை தெரியல. வாசல்ல மூணு வகை ஆளுங்க நிப்பாங்க. மூணு பேரையும் ஒண்ணா நினைக்கிறதாலதான் பாதிச் சண்டையே வருது. முதல் வகை ஸ்டூவர்ட், டிக்கெட் ஸ்கேன் பண்ணி சீட் காட்டுற பிள்ளைங்க, பெரும்பாலும் பகுதி நேரம். அவங்களுக்கு ஒரு பவரும் இல்ல, ஆனா அவங்க சொல்றதுதான் மைதானத்தோட விதி. அடுத்தது லைசென்ஸ் எடுத்த செக்யூரிட்டி. 2007 தனியார் பாதுகாப்புத் துறைச் சட்டத்துல வர்றவங்க, கார்டு மாட்டியிருப்பாங்க. சட்டப்படி உனக்கும் எனக்கும் என்ன அதிகாரமோ அதுதான் அவங்களுக்கும். மூணாவது துணைப் போலீஸ், செர்ட்டிஸ், ஏட்டோஸ் கம்பெனி ஆளுங்க. யூனிஃபார்ம் பார்த்துட்டு செக்யூரிட்டின்னு நினைச்சு வாய் குடுக்காதீங்க. வேலை நேரத்துல, வேலை பார்க்கிற இடத்துல அவங்களுக்குப் போலீஸ் அதிகாரம் உண்டு, வாரண்ட் கார்டும் இருக்கும். இதுக்கு மேல நிஜ போலீஸ்.

ராஜா சித்தப்பா, 8.20
மச்சான் கட்டுரை வந்தாச்சு

அரவிந்த், 8.20
😂

கவிதா, 8.22
செக்யூரிட்டியால கைதே பண்ண முடியாதுன்னு யாரும் எடுத்துக்க வேணாம். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 66ஆம் பிரிவுல பொதுமக்கள் யாரும் பிடிக்கலாம். கண்ணு முன்னாடி நடந்த, கைதுக்குரிய, ஜாமீன் இல்லாத குற்றமா இருக்கணும். பிடிச்சா தாமதிக்காம போலீஸ்ல ஒப்படைக்கணும்.

முருகன் மாமா, 8.23
நான் அதைத்தான் சொல்ல வந்தேன்

கவிதா, 8.23
சொல்லலையே மாமா

செல்வி சித்தி, 8.25
அப்ப ஐசி?

முருகன் மாமா, 8.31
பார்க்கலாம், வச்சிக்கக் கூடாது. 2019 செப்டம்பர் 1லிருந்து, சட்டம் கேட்டாலொழிய எந்த நிறுவனமும் ஐசியைப் பிடிச்சு வைக்க முடியாது. பெயரும் முகமும் ஒத்துப் போகுதான்னு பார்த்துட்டுத் திருப்பிக் குடுக்கணும். “வச்சிட்டுப் போ”ன்னா தன்மையா, “பார்த்துட்டுக் குடுத்துடுங்க”ன்னு சொன்னா போதும்.

பை சோதனை வேற விஷயம். “பையைத் திறக்க மாட்டேன்”னு சொல்ல உனக்கு உரிமை இருக்கு. “அப்ப உள்ளே வராதே”ன்னு சொல்ல அவங்களுக்கும் இருக்கு. பையைப் பிடுங்கித் திறக்க முடியாது, அவ்வளவுதான். போலீஸ் கேட்டா கதையே வேற.

ஜெயா அத்தை, 8.33
பிரியாணி பை?

முருகன் மாமா, 8.33
உள்ளே விட மாட்டாங்க அக்கா

ஜெயா அத்தை, 8.33
12 பாக்கெட்!!

ராஜா சித்தப்பா, 8.34
மேட்ச் முடிஞ்சு அக்கா பிளாக்குக் கீழ்த்தளம் வாய்ட் டெக்ல சாப்பிடுவோம்

ஜெயா அத்தை, 8.34
ராத்திரி பத்து மணிக்கு ஆறின பிரியாணியா

தினேஷ், 8.35
ட்ரம் ஓகேவா இல்லையா யாராச்சும் சொல்லுங்க

முருகன் மாமா, 8.41
ட்ரம் அடிச்சா அபராதம்னு சட்டமே கிடையாது. ஆனா விடுறதும் விடாததும் மேட்ச் நடத்துறவங்க கையில. இன்னிக்கே கிளப்புக்கு மெசேஜ் போட்டுக் கேளு, பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்க. வாசல்ல நிக்கிற பையனுக்கு உன் வாய்ப்பேச்சை விட அந்த ஸ்கிரீன்ஷாட் உதவும். உறுமி மாதிரி ரெண்டு பக்கமும் தோல் போட்டதைத் தூக்கிட்டு வராதே. உள்ளே என்ன இருக்குன்னு பார்க்க வழியில்லாததாலதான் திருப்பி அனுப்புறாங்க. அடிப்பக்கம் திறந்த ட்ரம்னா டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு விடுவாங்க. குச்சி ஒரு ஜோடி போதும். நடைபாதைப் படியில உட்கார்ந்து அடிக்காதே. படி மறிஞ்சா ஸ்டூவர்ட் முதல்ல உன்னைத்தான் எழுப்புவான், அவன் செய்றது சரி.

தினேஷ், 8.42
என்கிட்ட இருக்கிறது உறுமிதான்

ராஜா சித்தப்பா, 8.42
தைப்பூசமா மேட்ச்சா

செல்வி சித்தி, 8.44
வெளியே போன்னு சொன்னா என்ன பண்றது?

கவிதா, 8.49
போயிடணும் சித்தி. டிக்கெட் வாங்கினா சீட்டை விலைக்கு வாங்கினதா ஆகாது, உள்ளே இருக்க அனுமதி, அவ்வளவுதான். அதை அவங்க ரத்து பண்ணின பிறகும் நின்னா அத்துமீறல், போலீஸைக் கூப்பிடுவாங்க. சண்டையைப் படிக்கட்டுல போடாம காகிதத்துல போடணும். வாசல் எண், சீட் எண், நேரம், அவர் கார்டுல இருக்கிற பெயரு, இதெல்லாம் வெளியே வந்த அஞ்சு நிமிஷத்துல போன்ல எழுதிடணும். அன்னிக்கு ராத்திரியே புகார் அனுப்புங்க, கேமரா பதிவு ரொம்ப நாள் இருக்காது. செக்யூரிட்டியைத் திட்டவோ தள்ளவோ கூடாது. 2022லிருந்து அது தனிக் குற்றம்.

முருகன் மாமா, 8.50
நன்றி கவிதா. இதை எல்லாரும் ரெண்டு தடவை படிங்க. முக்கியமா ராஜா

ராஜா சித்தப்பா, 8.50
நான் என்ன பண்ணேன்

முருகன் மாமா, 8.51
1994 பஸ்

ராஜா சித்தப்பா, 8.51
ஆரம்பிச்சாச்சு

ஜெயா அத்தை, 8.52
ஷா ஆலம் பஸ் காசு இன்னும் குடுக்கலையா நீ?

ராஜா சித்தப்பா, 8.52
மலேசியா கப் ஃபைனல்ல பாஹாங்கை 4-0ல ஜெயிச்சோம்ல. அதுதான் காசு

தினேஷ், 8.55
மேட்ச் முடிஞ்சு பிட்ச்சுல இறங்கி ஜெர்சி கேட்டா?

கவிதா, 8.57
கூடவே கூடாது. 2025 நவம்பர்ல செந்தோசாவுல ஒரு பாடகி மேல பாய்ஞ்ச ஆஸ்திரேலிய ஆளுக்குப் பொதுத் தொல்லைக் குற்றத்துல 9 நாள் சிறை. வேலி ஓரத்துல நின்னு கேளு.

கவிதா, 8.58
அப்புறம் வேப், மின்சிகரெட். 2025 செப்டம்பர் 1லிருந்து 18 வயசுக்குக் கீழேன்னா முதல் தடவையே 500 வெள்ளி, பெரியவங்களுக்கு 700. பையில இருந்தாலே போதும், ஊதணும்னு இல்ல. பை சோதனையில மாட்டும்.

அரவிந்த், 8.58
இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

செல்வி சித்தி, 8.59
அரவிந்த் என்ன எழுதின? என்ன நீக்கின?

அரவிந்த், 9.00
ஒண்ணுமில்லமா. எமோஜி

ராஜா சித்தப்பா, 9.02
மேட்ச் முடிஞ்சு கையில ஒரு பீர் டின்னோட தேக்கா வரைக்கும் காத்தாட நடந்து வரலாம்ல மச்சான்

முருகன் மாமா, 9.05
முடியாது. பொது இடத்துல ராத்திரி 10.30க்கு மேல காலை 7 வரைக்கும் குடிக்கவே கூடாது. தேக்கா இருக்கிற லிட்டில் இந்தியா மதுக் கட்டுப்பாட்டு வட்டாரத்துல இன்னும் கடுமை, சனிக்கிழமை காலை 7லிருந்து திங்கள் காலை 7 வரைக்கும் முழுசாத் தடை. நீ நடந்து வர்ற வழி அந்த வட்டாரத்துக்குள்ள வருது. 1,000 வெள்ளி வரை அபராதம். அதுல ரெண்டு பஸ் பிடிக்கலாம்.

ஜெயா அத்தை, 9.05
😂😂😂

கவிதா, 9.11
தினேஷுக்கு 15. எதுக்கும் தெரிஞ்சு வச்சிக்கங்க. 16க்குக் கீழே உள்ளவங்களைப் போலீஸ் விசாரிச்சா கூட ஒரு பெரியவர் உட்காருவார், பயிற்சி எடுத்த தொண்டூழியர். பெத்தவங்க இல்ல.

செல்வி சித்தி, 9.11
நான் இருக்க முடியாதா??

கவிதா, 9.16
அந்த அறையில முடியாது சித்தி, வெளியே இருக்கலாம். பெரியவங்களுக்கு: கைதாகி 48 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும், அரசியல் சாசனம் 9ஆம் பிரிவு. வக்கீல் உரிமை உண்டு, ஆனா நியாயமான நேரத்துக்குள்ளன்னுதான் கோர்ட் சொல்லியிருக்கு. படத்துல வர்ற மாதிரி உடனே வந்து நிக்க மாட்டார். வாக்குமூலத்துல தெரிஞ்ச உண்மையைச் சொல்லணும், ஆனா தன்னையே குற்றத்துல மாட்டி விடுற பதிலைச் சொல்லாம இருக்கலாம். எழுதினதைப் படிச்சுக் காட்டுவாங்க, தப்பா இருந்தா திருத்தச் சொல்லிட்டுத்தான் கையெழுத்துப் போடணும். இங்கிலீஷ் புரியலன்னா தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். ஜெயா அத்தை, “எஸ் எஸ்”னு தலையாட்டக் கூடாது.

ஜெயா அத்தை, 9.17
என்னை எதுக்குடி போலீஸ் பிடிக்குது

ராஜா சித்தப்பா, 9.17
ஆறின பிரியாணி வித்ததுக்கு

பாலா லண்டன், 9.40
இப்பதான் பார்த்தேன். டேய் அரவிந்த், டிசம்பர் லிவர்பூல் மேட்ச், ஆன்ஃபீல்ட் மைதான டிக்கெட் எங்க வாங்கின?

அரவிந்த், 9.41
வெப்சைட்ல அண்ணா. மூணு மடங்கு விலை. நாலு பேருக்கு

பாலா லண்டன், 9.49
அங்கதான் சிக்கல். இங்கிலாந்துல கிளப் அனுமதி இல்லாம ஃபுட்பால் டிக்கெட் விக்கிறதே குற்றம், 1994 சட்டம், 166ஆம் பிரிவு. லாபம் இல்லாம அதே விலைக்கு வித்தாலும் குற்றம். மாட்டுறது விக்கிறவன்தான், ஆனா டிக்கெட்டை கிளப் ரத்து பண்ணிட்டா வாசல்ல நிக்கப் போறது நீ. யாரோ ஒரு மெம்பரோட போன் பாஸை உனக்கு அனுப்புவாங்க, பெயர் கேட்டா என்ன சொல்லுவ? கிளப் மெம்பர்ஷிப் வழியா, இல்ல கிளப்பே விக்கிற ஹாஸ்பிடாலிட்டி சீட்டா பாரு.

அரவிந்த், 9.50
அலமாக்

செல்வி சித்தி, 9.50
எவ்வளவு குடுத்த?

அரவிந்த், 9.51
அப்புறம் சொல்றேன்மா

முருகன் மாமா, 9.52
பாலா, லண்டன் ஸ்டூவர்ட் பவர் என்ன?

பாலா லண்டன், 9.53
மாமா நான் இருக்கிறது மான்செஸ்டர். பதினோரு வருஷமா

ராஜா சித்தப்பா, 9.53
எங்களுக்கு எல்லாம் லண்டன்தான்

பாலா லண்டன், 10.06
ஸ்டூவர்ட் கதை அங்க மாதிரியேதான். போலீஸ் அதிகாரம் இல்ல, அனுமதியை ரத்து பண்ணி அளவான பலத்தோட வெளியேத்தலாம். ஆனா ஃபுட்பாலுக்குன்னே தனிக் குற்றங்கள் இருக்கு, சிங்கப்பூர்க்காரங்க அதுலதான் தெரியாம விழுறாங்க.

பீரை சீட்டுக்கு எடுத்துட்டு வந்து பிட்ச்சோட செல்ஃபி எடுக்காதே. 1985 சட்டப்படி பிட்ச் கண்ணுக்குத் தெரியிற இடத்துல மது கூடாது, உள்ளே கூடத்துலயே குடிச்சு முடிச்சுடணும். போதையில உள்ளே நுழைஞ்சாலே குற்றம். புகை, ஃப்ளேர் பையில வச்சு நுழையப் பார்த்தாலே 3 மாசம் வரை சிறை, கொளுத்தணும்னு இல்ல. பொருள் எறியிறது, இனவெறிக் கோஷம், பிட்ச்சுல இறங்கிறது மூணும் 1991 சட்டம். அது கிக்-ஆஃபுக்கு 2 மணி நேரம் முன்னாடி தொடங்கி முடிஞ்சு 1 மணி நேரம் வரைக்கும்.

அரவிந்த், 10.07
ரோட்டுல நிறுத்தினா?

பாலா லண்டன், 10.17
சோதனைன்னா எந்தச் சட்டம், எதைத் தேடுறாங்க, எந்த ஸ்டேஷன்னு அவங்க சொல்லணும். பதிவோட நகல் கேளு, 3 மாசத்துக்குள்ள வாங்கிக்கலாம். வெறும் சோதனைக்குப் பெயர், முகவரி சொல்ல வேண்டியதில்ல. ஆனா ஒழுங்கீனமா நடந்ததா சந்தேகிச்சுக் கேட்டா சொல்லியே ஆகணும், சொல்லலன்னா அதுவே குற்றம். 35ஆம் பிரிவுன்னு சொல்லி ஏரியாவை விட்டுப் போகச் சொன்னா எந்த ஏரியா, எத்தனை மணி வரைக்கும்னு எழுத்துல கேளு. 48 மணி நேரம் வரை போடலாம். தப்புன்னு தோணினாலும் முதல்ல போ, அப்புறம் புகார் பண்ணு.

இதை மட்டும் மறக்காதே. ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனா வக்கீல் இலவசம், வெளிநாட்டுக்காரனுக்கும்தான். “ஒரு காஷன் வாங்கிட்டுப் போயிடு, ஃப்ளைட் போயிடும்ல”ன்னு அன்பா சொல்லுவாங்க. வக்கீலைக் கேட்காம கையெழுத்துப் போடாதே. காஷன்னா எச்சரிக்கைன்னு நினைக்கிறோம், இங்க அது குற்றத்தை ஒப்புக்கிட்டதா அர்த்தம். மைதானத் தடை ஆணைக்கு அதையே ஆதாரமாக் காட்டலாம். தடை 3லிருந்து 5 வருஷம், சிறையும் சேர்ந்தா 6லிருந்து 10. சிங்கப்பூர் ஹை கமிஷனுக்கு, அதாவது நம்ம தூதரகத்துக்குச் சொல்லச் சொல்லியும் கேட்கலாம்.

செல்வி சித்தி, 10.18
யாரு கைது ஆனா??? அரவிந்த் எங்கே

அரவிந்த், 10.18
அம்மா நான் ரூம்லதான் இருக்கேன்

பாலா லண்டன், 10.24
ஆன்ஃபீல்ட்ல ஹில்ஸ்பரோ பத்தி ஒரு ஜோக்கும் வேணாம். 1989ல அந்த மைதான நெரிசல்ல 97 லிவர்பூல் ரசிகர்கள் போயிட்டாங்க. ரசிகர்கள் மேல தப்பில்லன்னு ஜூரி சொல்ல 2016 ஆச்சு, 27 வருஷம். அந்தச் சாவுகளைக் கிண்டல் பண்ணிப் பாடினா இப்ப கேஸ் போடுறாங்க. படியில நிக்காதேன்னு ஸ்டூவர்ட் கத்துறதும் அதுக்கப்புறம்தான் இவ்வளவு கண்டிப்பு.

முருகன் மாமா, 10.26
படி விஷயம் நான் 8.41க்கே சொல்லிட்டேன்

கவிதா, 10.26
🙏

பாலா லண்டன், 10.27
அரவிந்த், இடிஏ எடுத்தியா? 2025 ஜனவரி 8லிருந்து சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கும் வேணும்

அரவிந்த், 10.27
அது என்ன

பாலா லண்டன், 10.27
🤦 இங்க வர்றதுக்கு முன்னாடியே ஆன்லைன்ல எடுக்க வேண்டிய பயண அனுமதிடா

ஜெயா அத்தை, 10.31
அம்மா வீல்சேரை யாரு தள்ளிட்டு வர்றது சனிக்கிழமை?

ராஜா சித்தப்பா, 10.31
அம்மா வர்றாங்களா?

ஜெயா அத்தை, 10.32
தினேஷ் ட்ரம் அடிக்கிறதைப் பார்க்கணுமாம்

முருகன் மாமா, 10.34
வீல்சேர் இடம் தனியா இருக்கும், கூட ஒருத்தர் உட்காரலாமான்னு முன்னாடியே கேட்டு வச்சிடுங்க. வாசல்ல போய்க் கேட்டா இடம் இருந்தாலும் குழப்பம்தான். யாரு போன் பண்றது?

செல்வி சித்தி, 10.35
கவிதா பண்ணட்டும்

கவிதா, 10.35
நாளைக்கு எனக்குக் கோர்ட்

ராஜா சித்தப்பா, 10.36
தினேஷ் ட்ரம்முக்கு மெசேஜ் போடும்போது சேர்த்துக் கேட்கட்டும்

தினேஷ், 10.41
போட்டேன். பதில் வரல. உறுமின்னு சொல்லல, ட்ரம்னு மட்டும் சொன்னேன்

முருகன் மாமா, 10.41
தினேஷ்

ஜெயா அத்தை, 10.43
அப்ப பிரியாணி 12ஆ 13ஆ? அம்மாவுக்கு ஆட்டிறைச்சி வேணாம்