கருவின் இரண்டாம் வாரத்தை யார் பார்த்தார்கள்?

கேள்வி: விலங்கியல் ஆசிரியை

பன்னிரண்டாம் வகுப்பில் மனித இனப்பெருக்கப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, "கருவுற்ற ஏழாம் நாள் வாக்கில் கரு கருப்பைச் சுவரில் பதிகிறது என்றீர்கள், பிறகு பத்தாம் நாள், பன்னிரண்டாம் நாள் என்று படம் வரைந்தீர்கள், அவ்வளவு சிறிய பொருளை உயிரோடு இருக்கும் ஒரு பெண்ணின் கருப்பைக்குள் யார் பார்த்து வரைந்தார்கள், டீச்சர்?" என்று கேட்டாள். இருபது ஆண்டுகளாக அந்தப் படங்களை வரைந்துவரும் எனக்கு இந்தக் கேள்வி ஒருமுறைகூடத் தோன்றியதில்லை என்பதைச் சற்று வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

ஐ.வி.எஃப். (உடலுக்கு வெளியே கருவுறச் செய்யும்) ஆய்வுக்கூடத்தில் ஐந்தாம் அல்லது ஆறாம் நாளுக்குள் கருவைக் கருப்பைக்குள் வைத்துவிடுகிறார்கள் அல்லது உறையவைத்துவிடுகிறார்கள். ஸ்கேனில் கருப்பைக்குள் ஒரு சிறு பை தென்படுவதற்குக் கருவுற்று ஏறத்தாழ மூன்று வாரம் ஆகிவிடுகிறது. இடையில் உள்ள நாட்களைப் பற்றி நமக்குத் தெரிந்தவை எங்கிருந்து வந்தன? ஆய்வுக்கூடத்திலேயே கருவைத் தொடர்ந்து வளர்த்துப் பார்க்க இயலாதா? 14 நாள் என்று ஏதோ ஒரு வரம்பு இருப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். அது உடலியல் வரம்பா, சட்ட வரம்பா?

மறுமொழி: இன்குபேட்டர்

வணக்கம் அம்மா. நான் ஐ.வி.எஃப். மையம் ஒன்றில் கருவியலாளராகப் பணிபுரிகிறேன். எங்கள் கண்ணுக்கு எட்டும் தூரத்தை மட்டும் சொல்கிறேன்.

விந்தணுவும் முட்டையும் சேர்ந்த 16 முதல் 18 மணி நேரத்துக்குள் முட்டைக்குள் இரண்டு முன்னுட்கருக்கள் தெரிகின்றனவா என்று நுண்ணோக்கியில் பார்ப்போம். ஒன்று தாயுடையது, மற்றது தந்தையுடையது. இரண்டாம் நாள் நான்கு செல்கள், மூன்றாம் நாள் எட்டு செல்கள். அதுவரை கரு பெரும்பாலும் தாய் முட்டைக்குள் வைத்து அனுப்பிய கட்டுச்சோற்றைத் தின்றுதான் வளர்கிறது. கருவின் சொந்த மரபணுக்கள் முழுவீச்சில் வேலை தொடங்குவது நான்கு செல்லுக்கும் எட்டு செல்லுக்கும் இடைப்பட்ட நிலையில்தான். கட்டுச்சோறு தீர்ந்து சொந்த அடுப்பு பற்றாத கருக்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. அதனால்தான் ஒன்பது முட்டைகள் கருவுற்றன என்று முதல் நாள் தொலைபேசியில் சொல்லும்போது மகிழ்கிற தம்பதியிடம், ஐந்தாம் நாள் நான்குதான் தேறின என்று சொல்ல நேர்கிறது. நல்ல ஆய்வுக்கூடத்திலும் ஏறத்தாழப் பாதி நின்றுபோவது வழக்கமே.

ஐந்தாம் நாளில் கரு பிளாஸ்டோசிஸ்ட் ஆகிறது: வெளிச்சுவர் செல்கள் பின்னால் நச்சுக்கொடியாகும், உள்ளே ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு செல்திரளிலிருந்து குழந்தை உருவாகும். அதைக் கருப்பைக்குள் வைத்த பிறகு எங்களுக்குக் கிடைப்பது, பத்துப் பதினான்கு நாள் கழித்து வரும் ரத்தப் பரிசோதனையின் எச்.சி.ஜி. என்ற கர்ப்பகால ஹார்மோனின் அளவு என்கிற ஓர் எண் மட்டுமே. உங்கள் மாணவி கேட்ட நாட்களில் நாங்களும் குருடர்கள்தாம்.

மறுமொழி: பழஞ்சுவடி

அம்மா, நீங்கள் கரும்பலகையில் வரையும் அந்தப் படங்களுக்கு ஓர் ஊர் உண்டு. அமெரிக்காவில் பாஸ்டன் நகரை ஒட்டிய புரூக்லைனில் இருந்த பெண்களுக்கான இலவச மருத்துவமனை அது. அங்கே ஜான் ராக் என்ற மகப்பேறு மருத்துவரும் ஆர்தர் ஹெர்டிக் என்ற நோய்க்குறியியலாளரும் 1938 முதல் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் ஓர் ஆய்வை நடத்தினார்கள். மருத்துவக் காரணத்துக்காகக் கருப்பையை அகற்ற வேண்டியிருந்த, முன்பே குழந்தை பெற்றிருந்த பெண்களிடம் மாதவிலக்குத் தேதிகளையும் கணவருடன் கூடிய தேதிகளையும் குறித்துவைக்கச் சொன்னார்கள். முட்டை வெளியான பின் வரும் நாட்களில் அறுவை அமையுமாறு நாள் குறித்தார்கள். அகற்றிய கருப்பையைத் திறந்து, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத கருவை லென்ஸ் வைத்துத் தேடினார்கள். 210 பெண்களிடமிருந்து கிடைத்தவை 34 கருக்கள். இரண்டே செல் கொண்டது முதல் பதினேழு நாள் வயதுடையது வரை அதில் இருந்தன. அவற்றில் கணிசமானவை இயல்பு பிறழ்ந்தவையாக இருந்தன. இயற்கையான கருவுறுதலிலும் பல கருக்கள் ஓசையில்லாமல் கழிந்துபோகின்றன என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

அந்தக் கருக்கள் பால்டிமோரில் கார்னகி நிறுவனத்தின் கருவியல் துறைக்குப் போயின. அங்கே மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றி, வரைந்து வைத்தார்கள். முதல் எட்டு வார வளர்ச்சியை 23 கார்னகி நிலைகள் என்று பிரிக்கும் முறை அந்தத் தொகுப்பை அடித்தளமாகக் கொண்டதே. உலகெங்கும் பாடநூல்கள் காட்டும் இரண்டாம் வாரப் படங்கள் பெரும்பாலும் அந்தச் சில சீவல்களின் வழிவந்தவை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அறுவைக்கு அந்தப் பெண்கள் ஒப்பினார்கள். ஆனால் அந்த நேரத்தில் தாங்கள் கருவுற்றிருக்கக்கூடும் என்பதை எவ்வளவு தெளிவாக அறிந்து ஒப்பினார்கள் என்பது இன்றும் விவாதத்துக்குரியது. இன்றைய ஒழுங்குமுறைக் குழு எதுவும் அந்த ஆய்வை அனுமதிக்காது என்றே நினைக்கிறேன்.

அதே ராக்கின் ஆய்வுக்கூடத்தில்தான் மிரியம் மென்கின் என்ற உதவியாளர் 1944 பிப்ரவரியில் மனித முட்டையை முதன்முதலாகக் கண்ணாடிக் கலத்தில் கருவுறச் செய்தார். அறுவையில் கிடைத்த ஏறத்தாழ 800 முட்டைகளைப் பிரித்தெடுத்து, அவற்றில் 138 முட்டைகளை விந்தணுவோடு சேர்த்துப் பார்த்த ஆறாண்டு உழைப்பு அது. பல் முளைக்கும் கைக்குழந்தையோடு இரவெல்லாம் விழித்திருந்த களைப்பில் அவர் கடிகாரத்தைப் பார்க்க மறந்து, விந்தணுவையும் முட்டையையும் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் சேர்ந்திருக்க விட்டுவிட்டார். அன்றுதான் முட்டை பிளந்தது. ராபர்ட் எட்வர்ட்ஸ், பேட்ரிக் ஸ்டெப்டோ, ஜீன் பர்டி ஆகியோரின் முயற்சியால் லூயிஸ் பிரவுன் இங்கிலாந்தின் ஓல்டாமில் பிறக்க 1978 ஜூலை 25 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பர்டியின் பெயரும் மென்கினின் பெயரும் நெடுங்காலம் யார் வாயிலும் வரவில்லை என்பது தனிக்கதை.

மறுமொழி: வரம்புரை

14 நாள் பற்றிய கேள்விக்கு: ஆய்வுக்கூடத்தில் மனிதக் கருவைப் பதினான்கு நாளுக்கு மேல் வளர்க்கக் கூடாது என்பதே அந்த வரம்பு. அது உடலியலில் காலூன்றிய சட்ட வரம்பு. 1979இல் அமெரிக்க அரசின் அறநெறி ஆலோசனைக் குழு ஒன்று முதலில் அதைச் சொன்னது. மெய்யியலாளர் மேரி வார்னாக் தலைமையில் அமைந்த பிரிட்டன் குழுவின் 1984 அறிக்கை அதை வலியுறுத்தியது. 1990இல் அங்கே சட்டமானது. அந்தக் குழுவில் இருந்த ஆன் மெக்லாரன் என்ற கருவியலாளரின் விளக்கம் இதில் பெரும்பங்கு வகித்தது. ஏறத்தாழ பதினான்காம், பதினைந்தாம் நாளில் கருத்தட்டின் (குழந்தையாக வளரப்போகும் தட்டையான செல்படலத்தின்) நடுவே ஒரு கீற்று தோன்றுகிறது; தலை எந்தப் பக்கம், வால் எந்தப் பக்கம் என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. அதுவரை ஒரு கரு இரண்டாகப் பிரிந்து இரட்டையராக முடியும். அதற்குப் பின் பொதுவாக முடியாது. ஆகவே "இது ஓர் ஆள்" என்று பேசத் தொடங்குவதற்கு அதுவே முற்பட்ட எல்லை என்று வாதிட்டார்கள்.

இந்தியாவிலும் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு ஸ்டெம் செல் (பல வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) வழிகாட்டுதல்கள் பதினான்கு நாள் அல்லது அந்தக் கீற்று, எது முந்துகிறதோ அதோடு நிறுத்தச் சொல்கின்றன. 2021ஆம் ஆண்டு இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டப்படி உறையவைத்த கருவைப் பத்தாண்டுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அதன்பின் அழியவிடலாம், அல்லது தம்பதி விரும்பினால் பதிவுபெற்ற ஆய்வு நிறுவனத்துக்குக் கொடுக்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், பிரிட்டனில் 14 நாள் சட்டம் போட்டபோது அந்த எல்லையை எவராலும் நெருங்கவே முடியவில்லை. ஆற்றங்கரைக்கு வராதவனுக்கு ஆற்றைக் கடக்கத் தடை போட்டது போலத்தான். 2016இல் கேம்பிரிட்ஜில் மக்தலேனா செர்னிக்கா-கோட்ஸ் குழுவும் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் அலி பிரிவன்லோ குழுவும், ஐ.வி.எஃப். தம்பதிகள் கொடையளித்த கருக்களைக் கலத்தின் தரையில் ஒட்டவைத்துப் பதின்மூன்றாம் நாள்வரை வளர்த்தார்கள்; அந்த 14 நாள் வரம்பு கருதியே நிறுத்தினார்கள். தாயின் திசு சிறிதும் இல்லாத கலத்தில்கூடக் கருத்தட்டும் பனிக்குடத்தின் தொடக்க வெளியும் தாமாகவே ஒழுங்குபெற்றன என்பதே அதில் வியப்பு.

மறுமொழி: ஐயம்தீரான்

வரம்புரை சொல்வதில் ஒரு பகுதியை நான் ஏற்கவில்லை. உடலியலில் காலூன்றியது என்றால், அறிவியல் நகரும்போது அதுவும் நகர வேண்டும். உண்மையில் அது ஒரு சமரசம். கருவாராய்ச்சியே கூடாது என்றவர்களுக்கும் தடையே வேண்டாம் என்றவர்களுக்கும் நடுவே எண்ணத்தக்க ஓர் எண் தேவைப்பட்டது. பன்னாட்டு ஸ்டெம் செல் ஆய்வுச் சங்கம் 2021இல் பதினான்கு நாள் கடந்த வளர்ப்பை முற்றிலும் தடைசெய்யப்பட்டவற்றின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 2023இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் யாக்கோப் ஹன்னா குழு, முட்டையும் விந்தணுவும் இன்றி ஸ்டெம் செல்களிலிருந்து பதினான்கு நாள் கருவை ஒத்த மாதிரி அமைப்பை உருவாக்கியது. அதிலிருந்து சுரந்த எச்.சி.ஜி. கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் கோடு விழவைத்தது. கருவே அல்லாத ஒன்றுக்கு நாட்கணக்கு எப்படிப் பொருந்தும்?

மறுமொழி: வரம்புரை

சமரசம் என்பதை மறுக்கவில்லை. வார்னாக்கும் அப்படித்தான் கருதினார். எல்லோரும் எண்ணிப்பார்க்கக்கூடிய தெளிவான கோடு வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. நாற்பதாண்டு மக்களின் நம்பிக்கையைத் தாங்கிய கோட்டை நகர்த்துவதானால் அதை ஆய்வாளர்கள் மட்டும் கூடி முடிவுசெய்யக் கூடாது என்பதே என் கருத்து.

விலங்கியல் ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. நீங்கள் சொன்னவற்றை வகுப்பில் சொன்னேன். அந்த மாணவி விடுவதாக இல்லை: "2016இல் பதின்மூன்றாம் நாளில் நிறுத்தினார்கள் என்றால், அந்தக் கரு பன்னிரண்டாம் நாளில் எப்படி இருந்தது என்பதும் அவர்களுக்குத் தெரியும்தானே?" என்கிறாள்.

மறுமொழி: இன்குபேட்டர்

அதே கருவைப் பற்றி அவ்வளவாகத் தெரியாது அம்மா. உயிரோடு வளரும் கருவை மேலோட்டமாகப் படம் எடுக்கலாம். எந்தச் செல் எந்த வகையாக மாறியிருக்கிறது என்று அறிய, ரசாயனத்தில் நிலைநிறுத்திச் சாயமேற்ற வேண்டும். அதோடு அந்தக் கருவின் வளர்ச்சி முடிந்துவிடும். ஆகவே பன்னிரண்டாம் நாளுக்கு ஒரு கரு, பதின்மூன்றாம் நாளுக்கு இன்னொரு கரு. புரூக்லைனிலும் அப்படித்தான். ஆக்ஸ்ஃபோர்டில் சங்கர் ஸ்ரீநிவாஸ் குழு 2021இல் வெளியிட்ட, 16 முதல் 19 நாள் வயதுடைய கருவின் செல்களைத் தனித்தனியே ஆராய்ந்த கட்டுரையும், கருக்கலைப்பு செய்துகொண்ட ஒரு பெண் ஒப்புதலோடு கொடுத்த ஒரே ஒரு கருவைப் பற்றியதே. நீங்கள் வரிசையாக வரையும் ஐந்து படங்களும் ஒரே குழந்தையின் ஐந்து நாட்கள் அல்ல, ஐந்து வெவ்வேறு கருக்கள் என்று அந்த மாணவியிடம் சொல்லுங்கள்.