7000 டொலர்ப் படம்: விளங்காமல் விட்டது குற்றமா?

நெல்லியடி வாசகர்:
மகன் தந்த டிவிடியில் நேற்றிரவு ‘பிரைமர்’ பார்த்தேன். 2004 இல் வந்த அமெரிக்கப் படம், 77 நிமிடம். ஏப், ஏரன் என்ற இரண்டு பொறியியலாளர்கள் வாகனக் கொட்டிலில் செய்யும் ஒரு கருவி அவர்களைக் காலத்தில் பின்னோக்கிக் கொண்டுபோகிறது. பாதிக்கு மேல் யார் எந்த நாளில் நிற்கிறார் என்றே எனக்கு விளங்கவில்லை.

மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில், ஒரு வீட்டு முற்றத்தில் ஜெனரேற்றர் வைத்து ஒழுங்கையே கூடியிருந்து படம் பார்த்தோம். மண்ணெண்ணெய் முடிந்தால் படமும் முடிந்தது. திருப்பிப் போட்டுப் பார்க்க வழியே இல்லை. அந்த ஒரு தடவையிலேயே படம் நம்மோடு பேசியாக வேண்டும். பேச மறுக்கும் படத்தைக் கெட்டிக்காரத்தனம் என்று என்னால் புகழ முடியாது.

திருநெல்வேலி மாணவன்:
ஐயா, படம் தன் விதியை ஒளிக்கவில்லை. காலை 9 மணிக்கு அந்தக் கருவியை, அதாவது ஆள் புகுந்து படுக்கும் பெட்டியை, இயக்கிவிட்டு விலகிப்போகிறீர்கள் என்று வையுங்கள். மாலை 3 மணிக்கு உள்ளே புகுந்து ஆறு மணித்தியாலம் கிடந்தால் காலை 9 மணிக்கு வெளியே வருவீர்கள். இயக்கிய கணத்துக்கு முன்னால் போகவே முடியாது. பின்னால் போகும் ஒவ்வொரு மணித்தியாலத்தையும் உள்ளே இருந்து கழிக்க வேண்டும். அதனால்தான் ஒட்சிசன் சிலிண்டரோடு உள்ளே போகிறார்கள். பகல் முழுவதும் ஹோட்டல் அறையில் அடைந்து கிடப்பதும் பின்னோக்கி வந்து வெளியே உலவும் தங்களையே எதிர்கொண்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான். காலப் பயணத்துக்கு இவ்வளவு நேர்மையான விலை வைத்த வேறு படத்தை நான் பார்த்ததில்லை.

நெல்லியடி வாசகர்:
விதி விளங்கியது தம்பி. மனிதர்கள்தான் விளங்கவில்லை. விருந்துக்கு ஒருவன் துப்பாக்கியோடு வருகிறான். அவனை மடக்கிப் பெயர் வாங்குவதற்காக ஏரன் அதே இரவுக்குத் திரும்பத் திரும்பப் போகிறான். இந்தக் கதையின் உயிர் அந்த ஆசைதான். அதைப் போய்த் துண்டுதுண்டாகக் காட்டிவிட்டு, தொலைபேசிக் குரல் ஒன்றைச் சொல்லவிட்டிருக்கிறார்கள்.

இணுவில் குறும்படக்காரி:
ஐயா சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். ஆனால் காரணத்தை நான் காசில் தேடுவேன். எழுத்து, இயக்கம், ஏரன் வேடம், படத்தொகுப்பு, இசை எல்லாம் ஷேன் கரூத் ஒருவரே. கணிதம் படித்து மென்பொருள் வேலை பார்த்தவர். செலவு ஏறத்தாழ 7000 டொலர், அதிலும் 16 மில்லிமீற்றர் படச்சுருளில். சுருளை வீணாக்க முடியாததால் காட்சிகளை முன்கூட்டியே நிழற்படங்களாக எடுத்துத் திட்டமிட்டார்.

இந்த நெருக்கடியில் முதலில் அடிபடுவது கூட்டக் காட்சி. சாப்பாடு, வாகனம், வெளிச்சம், காத்திருப்பு என்று செலவு ஏறிக்கொண்டே போகும். என் படத்தில் ஒரு கலியாண வீட்டை எழுதியிருந்தேன். எடுக்கும்போது அது கிணற்றடியில் இரண்டு பெண்கள் பேசுவதாகச் சுருங்கிவிட்டது. இன்றும் அந்த இடம் வரும்போது எனக்கு நெஞ்சு உறுத்துகிறது. கரூத்தின் விருந்திலும் அதே சுருக்கத்தைப் பார்க்கிறேன்.

திருநெல்வேலி மாணவன்:
அக்கா, இது இரக்கப்பட்டு மன்னிப்பதாகிவிடும். அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் நடுவர்களின் பெரும் பரிசை இதற்குக் கொடுத்தவர்கள் செலவுக் கணக்குப் பார்த்தா கொடுத்தார்கள்? ஏரனுக்கே எது முதல் இரவு, எது மூன்றாவது இரவு என்று குழம்பியிருக்க, நமக்கு மட்டும் தெளிவாகக் காட்டினால் அது பொய்யாகாதா? நான் நான்கு தடவை பார்த்தேன். நிறுத்தினேன், பின்னுக்கு ஓட்டினேன், கொப்பியில் கோடு போட்டேன். ஒரு செய்யுளை முதல் வாசிப்பிலேயே விளங்கிக்கொள்கிறோமா?

இணுவில் குறும்படக்காரி:
தம்பி, இரக்கம் இல்லை. குறையைக் குறை என்று சொன்னால்தான் அடுத்த படத்தில் நான் அதைத் தாண்டலாம். கொட்டில், குழல்விளக்கு, கழுத்துப்பட்டியோடு வேலை செய்யும் களைத்த ஆண்கள், ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்து பேசுவது: இவை காசில்லாமலே நிமிர்ந்து நிற்கின்றன. விருந்து நிற்கவில்லை.

நெல்லியடி வாசகர்:
செய்யுளை மறுபடி வாசிக்கத் தூண்டுவது முதல் வாசிப்பில் காதில் விழும் ஓசை, தம்பி. இந்தப் படத்தில் எனக்கு அது ஒரே இடத்தில் கேட்டது. பெட்டிக்குள் போய்ப் போய் வந்தபின் அவர்களால் முன்புபோல் எழுத முடிவதில்லை. கையெழுத்தே கெட்டுவிடுகிறது. அதற்குப் பெரிய விளக்கமும் இல்லை. அந்த இடத்தில் எழுந்துபோய் அறை விளக்கைப் போட்டுவிட்டுத்தான் மீதியைப் பார்த்தேன். விருந்தும் என்னை அப்படி எழுப்பியிருக்க வேண்டும்.